வாங்கிக்கொண்ட கைகள்

முகூர்த்த நாளென்றால் செந்தமிழ்ச்செல்விக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் அவளும் அவள் கணவன் கலையரசனும் பூக்கடை வைத்திருந்தார்கள். மாலையும் சரமும் கட்டி விற்றுக்கொண்டிருந்த கடைக்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் போனிலேயே பூவைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு, எந்த ஊருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பூக்கடைக்குச் செய்தி வரும். கடைக்காரர் பொக்கே கட்டி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு படமும் எடுத்து அனுப்ப வேண்டும். முகம் வேண்டாம், வாங்குகிறவருடைய கையும் பூவும் தெரிந்தால் போதும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

செல்விக்கு இந்த வேலையில் தனிப் பெருமை. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று எந்த ஊருக்கு வந்தாலும் முடியாது என்று அவள் சொன்னதில்லை. கம்பெனியில் தன் கடைக்கு விழுந்திருக்கும் நட்சத்திரங்களைக் கலையரசனிடம் அடிக்கடி காட்டுவாள்.

"நம்ம ஜில்லாவுலயே நம்ம கடதான் மேல நிக்குது பாருங்க."

"ஸ்டார வெச்சிக்கினு இன்னா பண்றது? சோத்துல பெசஞ்சி துன்ன முடியுமா?" என்பான் அவன்.

அன்றைக்கு ஆவணி முகூர்த்தம். கலையரசன் கல்யாண மாலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருநாவலூருக்குப் போய்விட்டான். அவன் போன கொஞ்ச நேரத்தில் போன் கிணுகிணுத்தது. வெள்ளிமலைக்கு ஒரு பிறந்த நாள் பொக்கே, இன்றைக்கே. ராஜாங்கம், மளிகைக் கடை, வெள்ளிமலை. அனுப்புகிறவர் சென்னையில் இருந்தார்.

வண்டி இல்லை, கடையில் இவள் ஒருத்தி, வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. முடியாது என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் விரல் வழக்கம்போலச் சம்மதம் என்ற இடத்தில்தான் போய் விழுந்தது.

சிவப்பு ரோஜாவும் வெள்ளைச் சம்பங்கியும் வைத்துக் கட்டினாள். பூவோடு வைக்கிற அட்டையில் எழுத வேண்டியதை அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அட்டையில் எழுதினாள். ஒரு காதில் மாலைக்கு விலை கேட்கிற ஆள், இன்னொரு காதில் கனகாம்பரம் இல்லையா என்று கேட்கிற அம்மா. எழுத்தைப் பார்த்து எழுத்தைப் போட்டாளே தவிர, என்ன எழுதினோம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மத்தியானம் மலைக்குப் போகிற பஸ்ஸில் பொக்கேவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கச்சிராயபாளையம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள்.

"மலையில மரம் சாஞ்சி கெடக்குதாம்," என்றார் கண்டக்டர். "இன்னிக்கி வண்டி மேல போவாது. எறங்கிக்கங்க எல்லாம்."

செல்வியின் பிறந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வடக்கனந்தலில் இருந்தது. அண்ணன் பழனி அங்கே மரவள்ளியும் கொஞ்சம் சம்பங்கியும் வைத்திருந்தான். முந்தானையால் பொக்கேவை மூடிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். மழை விட்டுவிடும், ஜீப் ஏதாவது கிளம்பும் என்று காத்திருந்தாள். ஒன்றும் கிளம்பவில்லை. கம்பெனியிலிருந்து முதலில் செய்தி வந்தது, அப்புறம் போனே வந்தது.

"மேடம், வெள்ளிமலை ஆர்டர் இன்னும் டெலிவரி காட்டலையே? கஸ்டமர் கேட்டுட்டே இருக்காங்க."

"தோ, கிட்ட வந்துட்டேங்க. குடுத்துட்டுப் போட்டோ அனுப்பறேன்," என்றாள் செல்வி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

பழனி கழனியிலிருந்து வந்து குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.

"ண்ணா, இந்தப் பூவ ரெண்டு கையாலயும் புடி. வாசப்படியாண்ட நில்லு."

"யாருக்கு வந்த பூவ யாரு வாங்கறது? இன்னா செல்வி நீ?"

"கை மட்டுந்தான் எடுப்பேன். நாளிக்கிக் காலையில மொத வண்டியில நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன். புடிண்ணா."

பழனி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். பின்னால் நீலக் கதவு, முன்னால் காய்ப்பு ஏறிய இரண்டு கைகள், நடுவே சிவப்பும் வெள்ளையுமாகப் பூ. படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அனுப்பிய சிறிது நேரத்துக்கெல்லாம் ஐந்து நட்சத்திரமும் கும்பிடுகிற கைகளும் வந்து விழுந்தன. அதைப் பார்த்து அவளுக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் போயிருக்கலாம். மரத்தை வெட்டி வழி விட்டிருந்தார்கள், வண்டி ஓடிற்று. ஆனால் மறுநாளும் முகூர்த்தம். அதற்கடுத்த நாள் கலையரசனுக்குக் காய்ச்சல். பூவோ வாடிப்போய்விட்டது, அண்ணி போன் செய்து என்ன செய்வது என்று கேட்டாள். "சாமி படத்துக்குப் போட்டுடுங்கண்ணி, நான் புதுசாக் கட்டிக்கினு போறேன்," என்றாள் செல்வி. புதிதாகக் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, இத்தனை நாள் கழித்துப் பிறந்த நாள் பூ என்று எந்த முகத்தோடு போய் நிற்பது என்கிற கூச்சமும் சேர்ந்துகொண்டது.

சம்பங்கி கொண்டுவந்து போட வந்த பழனி, சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினான்.

"இத நீ படிச்சியா?"

அவள் கையெழுத்துதான்.

'அப்பா, பிறந்த நாள் வாழ்த்துகள். நீங்க ஒவ்வொரு வருஷமும் திருப்பி அனுப்பினீங்க. இந்தத் தடவை மட்டும் வாங்கிக்குங்க. நீங்க வாங்கிக்கிட்டா, நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வருவேன். அருள்மொழி.'

செல்வி அதை மறுபடியும் படித்தாள். கையில் நார் பிசுபிசுத்தது.

"கம்பெனிக்கு போன் பண்ணிச் சொல்லிடு," என்றான் பழனி. "என் கைய வேற அதுல போட்டு வெச்சிருக்க."

சொல்கிறேன் என்றாள். போனை எடுக்கவும் செய்தாள், ஆனால் பேசாமலே வைத்துவிட்டாள். சொன்னால் கடையைக் கம்பெனியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பெண் எப்படியும் அப்பனுக்கு ஒரு போன் போட்டுப் பேசுவாள், அப்போது பூ வரவில்லை என்று தெரிந்துபோகும், திட்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திட்டு வருமென்று தினமும் எதிர்பார்த்தாள். வரவில்லை. வராததே மேலும் பயமாக இருந்தது.

ஆவணி முடிகிற சமயம், ஒரு காலை வேளை. தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்று போர்டைப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, கம்பெனியில உங்க கட பேருதான் போட்டிருந்தாங்க. வெள்ளிமலைக்குப் பூ கொண்டுபோனது நீங்கதானே? ராஜாங்கம் மளிகை? நான் அவரு பொண்ணு. அருள்மொழி."

செல்வியின் கையிலிருந்த சரம் அவிழ்ந்தது. "உக்காரும்மா," என்று முக்காலியைத் தள்ளினாள்.

அருள்மொழி உட்கார்ந்தபடியே பேசினாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தவள்போலக் கொட்டினாள். கூட வேலை பார்த்தவனை, வேறு சாதிப் பையனை, கட்டிக்கொண்டு நாலு வருஷம். அப்பா போன் நம்பரையே மாற்றிவிட்டார். அம்மாவுக்குத் தனி போன் கிடையாது. வருஷா வருஷம் அவர் பிறந்த நாளுக்குச் சட்டை, வேட்டி என்று கூரியரில் அனுப்புவாள். பிரிக்காமலே திரும்பி வரும். அந்த வீட்டில் அவர் பிறந்த நாளை நினைவு வைத்திருந்ததே அவள் ஒருத்திதான். சின்ன வயதில் அன்றைக்குக் கடையைத் திறக்க விடாமல் கல்லாப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம்.

"பூன்னா திருப்பி அனுப்ப முடியாதில்ல, அதான்கா பூ அனுப்புனேன். வாங்கினாரு பாருங்க!" போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். பழனியின் கைகளை விரலால் பெரிதாக்கினாள். "எப்படி எளச்சிப்போச்சி பாருங்க கையி. வாட்ச்சு கூடக் கட்டல. கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சிருக்காரு. அப்பாவுக்கு நீலமே புடிக்காது, அம்மா சொல்லி அடிச்சிருப்பாரு."

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, குடுக்கச்சே எதனா சொன்னாரா?"

இதுதான் நேரம் என்று செல்விக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. வாங்கிக்கினாரு."

"கோவமா இருந்தாரா?"

"இல்ல... நல்லாத்தான் இருந்தாரு."

அருள்மொழி குழந்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள். "கேட்டியாடி தர்ஷினி? தாத்தா நல்லாருக்காராம்." பிறகு செல்வியிடம், "போன் பண்ணிட்டுப் போனா எதனா பேச்சு வந்து கெட்டுப்போயிடும்னு பயம்கா. நேரா போய் நின்னுடறேன். ஒரு பொக்கே அதே மாதிரி கட்டிக் குடுங்க. அம்மாவுக்கு மல்லி ஒரு பந்து."

செல்வி கட்டினாள். விரல்கள் பழக்கத்தில் வேலை செய்தன. காசு வேண்டாம் என்றதற்கு அந்தப் பெண் கேட்கவில்லை. முக்காலியில் வைத்துவிட்டு, மலை பஸ் நிற்கிற இடம் கேட்டுக்கொண்டு போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாகப் பூக்கடையையே பார்த்துக்கொண்டு போயிற்று.

"யாரு அது?" என்றான் கலையரசன் தண்ணீர்க் குடத்தை இறக்கியபடி.

செல்வி சொன்னாள். படத்தைப் பற்றி அவனுக்கே அன்றைக்குத்தான் சொன்னாள். அவன் கத்தவில்லை. குடத்தைப் பிடித்தபடியே நின்றான்.

"அந்தாளு வாசல்லியே வெச்சி வெரட்டி உட்டார்னா? கைக்கொழந்தய வெச்சிக்கினு அது எங்கடி போவும்?"

செல்வி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஏறி, கூட்டத்தை விலக்கி, அருள்மொழியின் பக்கத்தில் போய் நின்றாள். ஜன்னலோரம் இருந்த அருள்மொழி ஆச்சரியப்பட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களும் மலைக்கா வர்றீங்க?"

"ஆமாம்மா. ஒரு வேல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் செல்வி உட்கார்ந்தாள். ஆனால் அந்தப் பெண் பொக்கேவை அவள் மடியில் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பாலூட்டத் தொடங்கினாள். பால் குடிக்கிற நேரத்தில் வேண்டாம் என்று விட்டாள். அப்புறம் குழந்தை தூங்கிற்று. தூங்கட்டும் என்று விட்டாள். வடக்கனந்தல் வந்தது. ரோட்டோரத்தில் அண்ணன் வீடு, அந்த நீலக் கதவு, பளிச்சென்று வெயிலில் நின்றது. அருள்மொழி அதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது யாரோ வீட்டுக் கதவு. வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் செல்வியால் முடியவில்லை.

"அருளு," என்றாள். "அந்தப் போட்டோவுல இருக்கறது உங்கப்பா கை இல்லம்மா."

அருள்மொழி சிரித்தபடி திரும்பினாள். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாள் போலும்.

"அது எங்கண்ணன் கை. வடக்கனந்தல்ல எடுத்தது. அன்னிக்கி மரம் சாஞ்சி பஸ்ஸு போவல. நான் உங்கப்பாவப் பாக்கவே இல்ல. பூவு அவருகிட்டப் போவல. காலையில நான் சொன்னதும் பொய்யி."

பஸ் ஒரு வளைவில் திரும்ப, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். முன் சீட்டில் இருந்த ஆள் கோழிக்கூண்டைக் காலால் அணைத்துக்கொண்டான். அருள்மொழி செல்வியின் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு இன்னும் முழுதாக இறங்காமல் உதட்டில் நின்றது.

"அதுக்கப்புறம் ஒரு நாளு கூடவா போவ முடியல?"

அன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தால் மழை இருந்தது, மரம் இருந்தது. இதற்கு மழையும் இல்லை, மரமும் இல்லை. போகவில்லை என்று செல்வி தலையை ஆட்டினாள்.

"இந்தக் கையி போட்டோவ நான் தெனம் பாப்பாவுக்குக் காட்டுவேன்கா. தாத்தா கையின்னு." குரல் உயரவில்லை. குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்ததுபோலத் தாழ்ந்தே வந்தது. "எறங்கிடறேன். வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

அந்த மலைப் பாதையில் இறங்கி எங்கே போவது? அவளுக்கும் அது தெரிந்திருந்தது. வெள்ளிமலை வருகிற வரைக்கும் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி இருந்தாள்.

இறங்கியதும் அருள்மொழி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளை அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டுப் பாராததுபோலத் திரும்பிக்கொண்டார்.

"நான் வரல," என்றாள். "நீங்க போங்க. அன்னிக்கி நீங்க செய்ய வேண்டிய வேலதான இது? பூவக் கொண்டுபோய்க் குடுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. வாங்கினாருன்னா வந்து கூப்புடுங்க."

"வாங்கலன்னா?"

"அடுத்த வண்டியில போயிடறேன்."

மளிகைக் கடை அடுத்த தெருவில் இருந்தது. வெறுங்காலோடு, பொக்கேவை மார்போடு அணைத்துக்கொண்டு செல்வி நடந்தாள். கல்லாவில் இருந்தவர் பருத்த ஆள். மணிக்கட்டில் பெரிய வாட்ச். படத்திலிருந்த கைக்கும் அவர் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனின் கை எப்படியிருக்கும் என்பதே மறந்துபோகிற அளவுக்கு அந்தப் பெண் ஆசைப்பட்டிருக்கிறாள்.

"இன்னாம்மா வோணும்?"

"ஐயா, நான் கள்ளக்குறிச்சியில பூக்கட வெச்சிருக்கறேங்க..."

நின்றபடியே சொன்னாள். பிறந்த நாள், மழை, அண்ணன் கை, அட்டையில் எழுதியிருந்தது, ஒன்றையும் விடவில்லை. நடுவில் சர்க்கரை வாங்க வந்த ஒருவரை ராஜாங்கம் கையசைத்து அனுப்பிவிட்டார். பின்கட்டிலிருந்து அவர் மனைவி விஜயலட்சுமி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வி பேசி முடித்தாள். அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தார்.

"அன்னிக்கி அவுரு கடையே தொறக்கல," என்றாள் விஜயலட்சுமி. "வாசல்ல நாற்காலி போட்டுக்கினு குந்திக்கினு இருந்தாரு. மழ அடிக்குது உள்ள வாங்கன்னா வரல."

"நீ சும்மா இரு."

"கூரியர்க்காரன் வருவானான்னு பாத்துக்கினு இருந்தீங்க. வரலன்னதும், அவளுக்கு உட்டுப்போச்சி போலருக்கு, இனிமே அனுப்ப மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க?"

"உள்ள போடின்றேன்."

செல்வி ஓர் அடி முன்னால் வந்தாள். கேட்கக் கூடாதென்று தெரிந்தும் கேட்டாள். "ஐயா, அன்னிக்கி நான் கொண்டாந்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அவர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"அத இன்னிக்கி எப்பிடிம்மா சொல்றது?" என்றார். "அன்னிக்கி வந்திருந்தா அன்னிக்கித் தெரிஞ்சிருக்கும்."

"இப்ப வாங்கிக்குங்கய்யா. அது பஸ் நிக்கற எடத்துலதான் குந்திக்கினு இருக்குது. கொழந்தையோட."

அவர் பூவைப் பார்த்தார். கை மேஜையை விட்டு எழவில்லை. எழுந்து, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்படவில்லை, ஆனால் அவர் திரும்பி வரவும் இல்லை.

விஜயலட்சுமி அந்தத் திறந்த கதவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் கேட்காமல் படியிறங்கியது அதுதான் என்று பின்னால் அவளே சொன்னாள்.

டீக்கடைப் பெஞ்சில் தாயும் மகளும் பேசிக்கொண்டதைவிட அழுதது அதிகம். செல்வி பக்கத்தில் போகவில்லை. பொக்கேவை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பார்வையில் படாத இடமாகப் பார்த்து நின்றாள். விஜயலட்சுமி மகளின் போன் நம்பரைப் பாடம் பண்ணுவதுபோலத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். குழந்தை புதிய மடியில் கொஞ்ச நேரம் மிரண்டது. பிறகு கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கியது.

கீழே போகிற வண்டி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அருள்மொழி தெரு முனையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி உறுமிக் கிளம்புகிற நேரத்தில்தான் ராஜாங்கம் வந்தார். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஜன்னலுக்குக் கீழே நின்றார். மகளைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தார்.

"பேரு இன்னா?"

"தேவதர்ஷினி," என்றாள் அருள்மொழி.

அவர் தலையை அசைத்தார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவர்போல நின்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

செல்வியும் பொக்கேவோடு அதே வண்டியில்தான் மலையிறங்கினாள். கள்ளக்குறிச்சியில் அருள்மொழியைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது, செல்வி ஜன்னலோரம் நின்றுகொண்டு, "என்ன மன்னிச்சிடும்மா," என்றாள். சொல்லும்போதே அந்த வார்த்தை போதாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அருள்மொழி யோசித்தாள். "அன்னிக்கே நீங்க போயிருந்தா இன்னா ஆயிருக்கும்னும் தெரியல. இன்னிக்கி நீங்க சொல்லாம இருந்திருந்தா நேரா வூட்டுக்குள்ள போயிருப்பேன். அப்ப இன்னா ஆயிருக்கும்னும் தெரியல. போங்கக்கா. கட தனியாக் கெடக்கும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. செல்வியும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போன் செய்தாள். படம் பொய்ப்படம், பூ போய்ச் சேரவில்லை என்று சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அந்த ஆர்டருக்கு கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லையே மேடம். கஸ்டமர் ஃபைவ் ஸ்டார் குடுத்திருக்காங்க."

"தெரியுங்க. அதத்தான் எடுத்துடச் சொல்றேன்."

"கஸ்டமர் குடுத்தத நாங்க எடுக்க முடியாது மேடம். வேற எதுவும் ஹெல்ப் வேணுங்களா?"

ஒரு வசவு, ஒரு அபராதம், ஏதாவது ஒன்று விழுந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். ஒன்றும் விழவில்லை. அன்றோடு அந்த வேலையை அவளாகவே விட்டாள். போர்டில் அந்தக் கம்பெனி பேர் இருந்த இடத்தைக் கலையரசன் ஒன்றும் கேட்காமல் பெயிண்ட் அடித்து மறைத்தான். மாலையும் சரமுமாகக் கடை பழையபடி ஓடிற்று. யாராவது பூ வாங்கக் கை நீட்டும்போது மட்டும் அவளுக்குச் சில சமயம் வேலை மறந்துபோகும்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், துணிப்பையும் முறுக்கு டப்பாவுமாக விஜயலட்சுமி கடைக்கு வந்தாள். செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"சென்னைக்குப் போறேன்," என்றாள் விஜயலட்சுமி. "பத்து நாளு இருந்துட்டு வரலாம்னு. பேத்திக்குக் கொஞ்சம் பூ குடு."

"ஐயா வரலீங்களா?"

"வரல." பையைக் கீழே வைத்தாள். "அங்க போறன்னு சொன்னேன். போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல. காலையில பாத்தா எனக்கு முன்னாடி சட்டய மாட்டிக்கினு நிக்கிறாரு. வெள்ளிமலையில பஸ் ஏத்தி உட்டாரு. முறுக்கு அவுருதான் டப்பாவுல போட்டாரு." டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "நீ அன்னிக்கிக் கொண்டாந்திருந்தா வாங்கியிருப்பாருன்னு ஒரு நாளு நெனச்சிக்கிறேன். தூக்கிப் போட்டிருப்பாருன்னு ஒரு நாளு நெனச்சிக்கிறேன். உன்னத் திட்டிக்கினும் இருந்திருக்கேன், தெரியுமா?"

"திட்டுங்கம்மா."

"இப்ப பஸ்ஸுக்கு நாழியாவுது," என்றாள் விஜயலட்சுமி. "பூவக் கட்டு. முடியே இவ்ளோண்டுதான் இருக்குது அதுக்கு. சின்னதாக் கட்டு."

செல்வி மல்லியில் பொடி மொட்டாகப் பொறுக்கி, விரல் நீளத்துக்கு நெருக்கிக் கட்டி, தண்ணீர் தெளித்து வாழையிலையில் மடித்தாள். பிறகு பையைத் தான் தூக்கிக்கொண்டு, சென்னை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே போய், அவளை ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு வந்தாள்.